பழைய ஆம்னி, ஈக்கோ வாங்கி கேம்பர் வேன் ஆக்கலாமா? விலையை விடுங்க, ஒரு ராத்திரிக்கு என்ன செலவுன்னு பாருங்க



ரிட்டர்ன் ஃபைல் பண்ற சீசன்ல ஆபீஸுக்கு வர்ற இளைஞர்கள் ஃபார்ம் 16-ஐ நீட்டிட்டு, கிளம்பற நேரத்துல ஒரு கேள்வி கேக்கறாங்க. "சார், பழைய ஈக்கோ ஒண்ணு வாங்கி, பின்னாடி பெட் போட்டு, லீவு கிடைக்கும்போதெல்லாம் கிளம்பிடலாம்னு இருக்கேன். ரூம் வாடகை மிச்சம். சரியான முடிவுதானே?"

இதுக்கு நான் படிச்ச படிப்பை வெச்சு பதில் சொல்றதை விட, நான் பண்ணின தப்பை வெச்சு பதில் சொல்றதுதான் நியாயம். ஏன்னா நானே வாங்கினேன். நல்லா மாட்டிக்கிட்டேன்.

என் கதை: ஒரு ராத்திரிக்கு 15,000 ரூபாய்

எனக்கு ஊர் துறையூர். ஆபீஸ் திருச்சியில. 2021-ல, ஊரடங்கு தளர்ந்து எல்லாருக்கும் வெளிய போகணும்னு வெறி வந்த நேரம். 2007 ஜூலையில பதிவான ஒரு 8 சீட்டர் ஆம்னி 95,000 ரூபாய்க்கு வந்துச்சு. எஞ்சின் நல்லா இருந்துச்சு. வாங்கிட்டேன்.

பின் சீட் எல்லாத்தையும் கழட்டி காயலாங்கடையில 1,500 ரூபாய்க்குப் போட்டேன். தரையில ஓட்டை போட்டு, ஆங்கிள் வெச்சு, 18 மி.மீ. ப்ளைவுட்ல கட்டில், அடியில டிராயர், பக்கத்துல அலமாரி, மேல எல்இடி லைட்டு, ஃபேன். மொத்தம் 1,10,000. வண்டி விலையை விட மரவேலை விலை ஜாஸ்தி. எங்க அப்பா வந்து சுத்திப் பாத்துட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாரு: "வீட்டுலயே கட்டில் இருக்கேப்பா."

2022 ஜூலையில ஆர்.சி.க்கு 15 வருஷம் முடிஞ்சுது. ரெனிவலுக்கு வண்டியைக் காட்டணும். ஆர்.சி.யில 8 சீட். வண்டிக்குள்ள 2 சீட்டும் ஒரு கட்டிலும். ஆய்வாளர் சிரிச்சுக்கிட்டே, "சீட்டைப் போட்டுட்டு வாங்க சார்"ன்னுட்டாரு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. 1,500-க்குப் போட்ட சீட்டுக்குப் பதிலா பழைய சீட் தேடி 9,000 கொடுத்து வாங்கினேன். கட்டிலைப் பிரிச்சதுல ப்ளைவுட் பாதி வீணாப் போச்சு. அந்த வருஷம் ஏப்ரல் 1-லதான் 15 வருஷம் தாண்டின காருக்கான ரெனிவல் கட்டணம் 600-லேர்ந்து 5,000 ஆச்சு. அதையும் சேர்த்து, டிங்கரிங், பெயின்ட் எல்லாம் போட்டு அந்த ரவுண்டு 22,000.

2023-ல 70,000-க்குக் கொடுத்துட்டேன். கணக்கு இதுதான்:

- வாங்கின விலை: 95,000
- உள்வேலை: 1,10,000
- ரெனிவல் சமயத்துல ஆன செலவு: 22,000
- ரெண்டு வருஷ இன்ஷூரன்ஸ், சர்வீஸ்: 23,000
- மொத்தம்: 2,50,000
- விற்ற விலை கழிச்சா: 1,80,000

அந்த வண்டியில நான் தூங்கின ராத்திரிகள் மொத்தம் 12. ஒரு ராத்திரிக்கு 15,000 ரூபாய், பெட்ரோல் தனி. அந்தக் காசுக்கு ஊட்டியில நல்ல ஸ்டார் ஹோட்டல்லயே தங்கியிருக்கலாம், காலை டிபனோட.

நான் விட்ட கோட்டை ரெண்டு. எத்தனை ராத்திரி தங்குவேன்னு எண்ணிப் பாக்காம வாங்கினது ஒண்ணு. திரும்பக் கழட்ட முடியாத மாதிரி வேலை பண்ணினது இன்னொண்ணு.

முதல் பாடம்: ராத்திரியை எண்ணுங்க

இப்ப நீங்க ஒரு பழைய ஈக்கோ வாங்கறீங்கன்னு வெச்சுப்போம். கீழே இருக்கறது கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட தொகைகள். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

வண்டி 3,50,000. உள்வேலை 60,000. ஆக மொத்தம் 4,10,000. நாலு வருஷம் கழிச்சு 2,20,000-க்கு விக்கறீங்க. கவனிங்க, விக்கும்போது உள்வேலைக்கு யாரும் காசு தர மாட்டாங்க.

- மதிப்புக் குறைவு: 1,90,000
- இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி ஒதுக்கீடு, வருஷம் 28,000 வீதம்: 1,12,000
- அந்த 4,10,000-ஐ 7% டெபாசிட்ல போட்டிருந்தா கிடைச்சிருக்கும் சாதா வட்டி: 1,14,800
- நாலு வருஷ மொத்தச் செலவு: 4,16,800

வருஷத்துக்கு 1,04,200. இப்ப ராத்திரியால வகுங்க:

- வருஷம் 12 ராத்திரி: ஒரு ராத்திரிக்கு சுமார் 8,700
- வருஷம் 24 ராத்திரி: சுமார் 4,350
- வருஷம் 50 ராத்திரி: சுமார் 2,100

இதை வெறும் ரூம் வாடகையோட ஒப்பிடறது தப்பு. வேன் உங்களை ஏத்திக்கிட்டும் போகுது இல்லையா? அதனால செல்ஃப் டிரைவ் கார் வாடகை நாளைக்கு 2,500, ரூம் 1,500, ரெண்டும் சேர்த்து 4,000-ன்னு வெச்சு ஒப்பிடுங்க. 1,04,200-ஐ 4,000-ஆல வகுத்தா 26. வருஷத்துக்கு 26 ராத்திரிக்கு மேல நிஜமாவே வெளிய தங்கறவருக்குத்தான் வேன் கட்டுப்படியாகும்.

இப்ப உங்க போன் கேலரியைத் திறங்க. போன வருஷம் எத்தனை ராத்திரி டூர்ல தூங்கினீங்க? "இனிமே போவேன்" கணக்குல வராது. போனதை மட்டும் எண்ணுங்க. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வந்து அம்மா வீட்டுல தூங்கினதையும் சேர்க்காதீங்க.

ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டுல ஏற்கனவே ஒரு வண்டி தேவை இருக்கு, அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, விசேஷத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னா, பாதிச் செலவை வீட்டுக் கணக்குல எழுதலாம். அப்ப 13 ராத்திரி போதும். எங்க பக்கம் ஈக்கோ வாங்கி நிம்மதியா இருக்கறவங்க பெரும்பாலும் இந்த ரகம்தான். வாரநாள்ல வீட்டு வண்டி, லீவு நாள்ல பெட் வண்டி. இதுக்கு ஒரே நிபந்தனை, சீட்டு வண்டிக்குள்ளயே இருக்கணும்.

எந்த வண்டி?

ஆம்னி 1984-ல மாருதி வேன்ங்கற பேர்ல வந்து, 2019-ல உற்பத்தியே நின்னுபோன வண்டி. 796 சிசி எஞ்சின், நீளம் 3,370 மி.மீ. ஈக்கோ 2010-ல வந்தது, இன்னும் ஓடிட்டிருக்கு. 1.2 லிட்டர் எஞ்சின், நீளம் 3,675 மி.மீ., அகலம் 1,475 மி.மீ. வெளி அகலமே 5 அடிக்குக் கம்மி. அதனால குறுக்கே படுக்கற பிளான் வேண்டாம். நீளவாக்குலதான் படுக்கணும். ரெண்டு வண்டியிலயும் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு. சாயங்காலம் நிறுத்தினாலும் கொஞ்ச நேரத்துக்கு சூடு உள்ள வரும். வாங்கறதுக்கு முன்னாடி டேப் எடுத்துட்டுப் போய் உள் நீளத்தை நீங்களே அளந்துடுங்க.

விலை பேசும்போது இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமும் 1 சதவீத செஸ்ஸும் போய், 18 சதவீதம் ஆச்சு. புது ஈக்கோ விலையும் இறங்குச்சு. பழைய வண்டிக்காரர் அதுக்கு முந்தின புது விலையைச் சொல்லி பேரம் பேசினா, இன்னிக்கு ஷோரூம் விலை என்னன்னு கேட்டுட்டு பேசுங்க.

இந்த நாலும் மலிவா கிடைக்கும். தொடாதீங்க:

1. சரக்கு ஈக்கோ. பின்னாடி காலியா இருக்கும், ஆசையா இருக்கும். ஆனா அது சரக்கு வாகனம்னு பதிவான வண்டி. பின்னாடி ஆள் ஏத்த முடியாது.
2. 13, 14 வருஷம் ஆன வண்டி. தனியார் காருக்கு ஆர்.சி. ஆயுள் 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ரெனிவல். நான் மாட்டினது இங்கதான்.
3. ஆர்.சி.யில பெட்ரோல்னு இருந்து, உள்ள கேஸ் கிட் மாட்டின வண்டி. வீட்டு சிலிண்டர்ல ஓடின பழைய ஆம்னிகள் நிறைய. சட்டவிரோதம் மட்டுமில்ல, நீங்க அதுக்குள்ள தூங்கப் போறீங்க.
4. வெள்ளத்துல மூழ்கின வண்டி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னையில எத்தனை கார் தண்ணியில நின்னுச்சுன்னு பாத்தோம். சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க, கடைசி முழத்துல சேறு படிஞ்ச கோடு தெரியும். மேட்டைத் தூக்கி தரையில துரு இருக்கான்னும், ஸ்லைடிங் டோர் ஓடற தடத்தையும் பாருங்க.

பேப்பர் வேலை: இதுல சோம்பல் கூடாது

பரிவாகன் தளத்துல வண்டி நம்பரைப் போட்டு ஆர்.சி. ஆயுள், இன்ஷூரன்ஸ், அடமானம், நிலுவை சலான் நாலையும் பாருங்க. அடமானம் இருந்தா, வங்கியோட என்ஓசி, ஃபார்ம் 35 கையில வராம பணம் கொடுக்காதீங்க.

பேர் மாத்த ஃபார்ம் 29, ஃபார்ம் 30. அதே மாநிலம்னா விற்கறவர் 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும், வாங்கறவர் 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். வேற மாநில வண்டின்னா ஃபார்ம் 28 என்ஓசி, கூடவே இங்க சாலை வரி. பாண்டிச்சேரி வண்டி மலிவா இருக்கேன்னு போறவங்க இந்த வரியைக் கூட்டிப் பாத்துட்டுப் போங்க.

பேர் மாத்தாம ஓட்டறது எவ்வளவு ஆபத்து? 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல தெளிவா சொல்லிடுச்சு: விபத்து நடந்த அன்னிக்கு ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ, அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு. நாளைக்கு நீங்க விக்கும்போதும் இது பொருந்தும். வண்டியைக் கொடுத்துட்டு, பேர் மாறிடுச்சான்னு பாக்காம விட்டா, யாரோ இடிச்சதுக்கு உங்க சம்பளத்துலேர்ந்து கட்டற நிலை வரும்.

இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தணும். மூன்றாம் நபர் பாதுகாப்பு தானா தொடரும். ஆனா உங்க வண்டிச் சேதத்துக்கான பாதுகாப்பு, பேர் மாறினாத்தான். விற்கறவரோட நோ க்ளைம் போனஸ் அவரோட போயிடும், உங்களுக்கு வராது. அதனால பிரீமியம் அவர் கட்டினதை விட கூடும்.

பணத்தை வங்கி வழியா கொடுங்க. 2 லட்சம் அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்கறதை வருமான வரிச் சட்டம் தடுக்குது. வாங்கினவருக்கு அதே தொகை அபராதம் வரலாம். அவருக்குத்தானே அபராதம்னு நினைக்காதீங்க, உங்க கையிலயும் பணம் கொடுத்ததுக்கு ஆதாரம் இருக்காது.

டீலர்கிட்ட வாங்கினா, பதிவு பெற்ற டீலர் தன்னோட லாப வித்தியாசத்துக்கு மட்டும் 18% ஜிஎஸ்டி கட்டணும். முழு விலைக்கு 18% போட்டுக் கேட்டா, கேள்வி கேளுங்க. சம்பளக்காரர் சொந்த காரை இன்னொருத்தருக்கு வித்தா ஜிஎஸ்டி கிடையாது.

உள்வேலை: போல்ட் போடாதீங்க

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 சொல்றதை எளிமையா சொன்னா, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா, ஆர்.சி.யில இருக்கற விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒண்ணுல இதை உறுதி பண்ணுச்சு. அனுமதியில்லாம மாத்தினா, பிரிவு 182ஏ-படி ஒரு மாற்றத்துக்கு 5,000 அபராதம், 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். முறையா கேம்பர் வேனாவே பதிவு பண்ண முடியாதான்னா, முடியும். ஆனா அதுக்கான அங்கீகாரம், செலவு எல்லாம் 3 லட்ச ரூபாய் வண்டிக்குத் தாங்காது.

அதனால என் விதி ஒண்ணே ஒண்ணு: எதை வெச்சாலும், ஸ்பேனர் இல்லாம பத்து நிமிஷத்துல வெளிய எடுக்கற மாதிரி வைங்க. வெளிய எடுக்கற பொருள் உங்க லக்கேஜ். போல்ட் போட்டா அது வண்டியோட மாற்றம்.

- கட்டில்: ரெண்டு மூணு துண்டா மடியற பலகை, அடியில கால் உள்ள பெட்டி. 18 மி.மீ. வேண்டாம், 12 மி.மீ. போதும். 8-க்கு 4 ஷீட் 18 மி.மீ. ஒண்ணே 30 கிலோவுக்கு மேல. இந்த எடையோட நாமக்கல் பக்கத்துலேர்ந்து கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பாருங்க, ஒவ்வொரு கிலோவும் தெரியும்.
- மெத்தை: சீட் தைக்கற குஷன் கடையில மூணு மடிப்பா தைக்கச் சொல்லுங்க.
- கரண்ட்: வண்டி வயரை வெட்டாதீங்க. தனி பேட்டரி வைங்க. 15 வாட் ஃபேன் 8 மணி நேரம் 120, லைட்டு 20, ரெண்டு போன் 30, மொத்தம் 170 வாட்-ஹவர். 12 வோல்ட் 40 ஏ.ஹெச். பேட்டரியில 480 இருக்கு, பாதி பயன்படுத்தினாலே போதும். கடைக்காரர் 150 ஏ.ஹெச். தலையில கட்டப் பார்ப்பாரு.
- திரை, கொசுவலை: காந்தம் வெச்சது, நிறுத்தின பிறகு மட்டும் மாட்டறது. கறுப்பு ஃபிலிம் ஒட்டாதீங்க.

இப்படிப் பண்ணினா 60,000 இல்ல, 25,000 முதல் 30,000-க்குள்ளயே முடியும். விக்கும்போது வண்டி வண்டியாவே இருக்கும். பலகையை அடுத்த வண்டிக்கு எடுத்துக்கலாம். உள்ள இருக்கற சாமான்களுக்கு சாதாரண மோட்டார் பாலிசி காசு தராதுங்கறதையும் மனசுல வைங்க.

உயிர் விஷயம்

2024 டிசம்பர்ல கேரளா வடகரையில, ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவன்ல ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டர்லேர்ந்து உள்ள வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்காதீங்க. வண்டிக்குள்ள அடுப்பு பத்த வைக்காதீங்க. சமையல் எப்பவும் வெளிய. ராத்திரி ஜன்னல் ரெண்டு விரல் திறந்தே இருக்கட்டும்.

லோன் போட்டு வாங்கலாமா?

3 லட்சம் பர்சனல் லோன், 14%, 3 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 10,250. வட்டி மட்டும் சுமார் 69,000. அதே 10,000-ஐ மாசாமாசம் 7% ஆர்.டி.யில போட்டா 3 வருஷத்துல கையில சுமார் 4 லட்சம். டூர் போறது ஆசை. ஆசைக்கு சேமிச்சு வாங்குங்க. இந்த லோனுக்கு வரிச் சலுகையும் கிடையாது, வித்து நஷ்டம் வந்தா ரிட்டர்ன்ல கழிக்கவும் முடியாது.

"வாடகைக்கு விட்டு இ.எம்.ஐ. கட்டிடலாம்"னு ஒரு யோசனை வரும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட பர்மிட் கிடையாது. விபத்து ஆனா இன்ஷூரன்ஸ் கம்பெனி முதல்ல கேக்கறதே அதைத்தான்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை

ஜப்பான்ல 660 சிசி குட்டி வேன்ல தூங்கிக்கிட்டே ஊர் சுத்தறாங்க. அது நடக்கறதுக்குக் காரணம் வேன் மட்டுமில்ல, அங்க நெடுஞ்சாலை ஓரத்துல 24 மணி நேரமும் கழிப்பறையோட வண்டி நிறுத்த இடம் இருக்கு. கேரளா 2021-ல கேரவன் சுற்றுலாக் கொள்கையோட நிறுத்துமிடங்களையும் ஊக்குவிக்க ஆரம்பிச்சுது. நம்ம பக்கம் நீங்களே இடம் தேடணும். பச்சைமலை மேல போனா வனத்துறை எல்லை, கண்ட இடத்துல நிறுத்தித் தூங்க முடியாது. லாட்ஜ், ஹோம் ஸ்டே வளாகம், இல்லைன்னா கேட்டுட்டு பெட்ரோல் பங்க்.

அதனால நண்பர் ஈக்கோ ஒண்ணை ரெண்டு நாள் கேளுங்க. ஒரு மெத்தையைப் போட்டு, சித்திரை வெயில்ல ஒரு ராத்திரி, ஐப்பசி மழையில ஒரு ராத்திரி தூங்கிப் பாருங்க. காலையில கழிப்பறைக்கு எங்க போனீங்கன்னு எழுதி வைங்க. அப்புறமும் ஆசை இருந்தா, அது நிஜமான ஆசை.

இந்த வார வீட்டுப்பாடம்

1. போன வருஷம் டூர்ல தங்கின ராத்திரி எத்தனை? எழுதுங்க.
2. உங்க ஊர் விலையைப் போட்டு, மேல இருக்கற கணக்கை ஒரு தாள்ல போடுங்க.
3. விடை 4,000-க்கு மேலன்னா, அந்த வண்டிக் காசை ஆர்.டி.யில போட்டுட்டு, இந்த வருஷம் வாடகை வண்டியிலயே நாலு டூர் போயிட்டு வாங்க.

நான் இப்ப என்ன பண்றேன்னு கேக்கறீங்களா? வீட்டுக்கு ஒரு ஈக்கோ வாங்கியிருக்கோம், அஞ்சு வருஷ வண்டி. சீட்டு எல்லாம் அப்படியே இருக்கு. மடிப்புப் பலகை மாடிப்படிக்கு அடியில நிக்குது. போன வருஷம் அதை 9 தடவை வெளிய எடுத்தேன், 17 ராத்திரி. வாரநாள்ல அப்பாதான் ஓட்டறாரு. கட்டில் பத்தி அவர் இப்ப ஒண்ணும் சொல்றதில்ல.